பதினெட்டு முடிந்த மறுநாள்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வின் கடைசி மணி அடித்ததும் நம்மில் பலருக்குத் தோன்றுவது ஒரே எண்ணம்தான்: வீட்டுக்குப் போக வேண்டும்! ஆனால் பெற்றோரை இழந்தோ, வறுமையாலோ இல்லங்களில் தங்கிப் படிக்கும் நம் தோழியருக்கு அந்த மணி ஒரு கேள்வியை எழுப்புகிறது. “இனி நான் எங்கே போவேன்?”

நமக்குப் பதினெட்டு என்பது ஒரு பிறந்தநாள். அவர்களுக்கோ அது வளர்ந்த இல்லத்தை விட்டு இறங்கும் படி. அன்று இரண்டு வழிகள் உடனே திறக்கின்றன. ஒன்று, விடியற்காலையில் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிச் செல்லும் காலணித் தொழிற்சாலை வேன். மற்றொன்று, அதுவரை எட்டிப் பார்க்காத உறவினர் அவசரமாகப் பேசி முடிக்கும் திருமணம். உழைப்பு இழிவன்று, நம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சம்பளத்தால்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் யோசிக்காமல் ஏறிய வண்டியிலிருந்து இறங்குவது எளிதன்று.

எனவே அப்பெண்ணுக்கு ஓராண்டு அவகாசம் வேண்டும் என்பதே என் கருத்து. ‘நீட்’ தேர்வுக்காக ஓராண்டு வீட்டிலிருந்து படிப்பவளை, “முயற்சி செய்கிறாள்” என்று பாராட்டுகிறோம். இல்லத்துப் பெண் அதே ஓராண்டைக் கேட்டால், “எத்தனை நாள் சும்மா இருப்பாய்?” என்பது நியாயமா?

சும்மா இருக்கும் ஆண்டாக அது இருக்கக் கூடாதுதான். நம் காவேரிப்பாக்கம் ஏரியில் நீர் நிற்பது மதகு திறக்கும் நாளுக்காக அல்லவா? அதுபோல் திட்டம் வேண்டும். அதுவும் பதினேழு வயதிலேயே தொடங்க வேண்டும். ஆதார், சாதிச் சான்றிதழ், தன் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை இல்லத்தில் இருக்கும்போதே பெற்றுவிட வேண்டும். பிறகு அலைவது அவளுக்கு மிகவும் கடினம்.

அடுத்து, தொழில். ஐ.டி.ஐ. படிப்போ, தட்டச்சோ, தையலோ, எது தனக்குப் பொருந்தும் என்று அவளே பார்த்தறியட்டும். காலணித் தொழிலே விருப்பமானால், கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையம் போன்ற இடத்தில் கற்றுக்கொண்டு போகட்டும். எடுபிடியாக நுழைவதும், தொழில் தெரிந்து நுழைவதும் ஒன்றாகுமா? இதோடு வாழ்க்கைப் பாடமும் உண்டு. மணி அடித்தால் சோறு என்று வளர்ந்தவள், கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கிப் பழகியிருக்க மாட்டாள்.

செலவுக்கு என்ன செய்வது என்று கேட்கலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவிக்கு இடம் தருகிறது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதற்கு மாதம் 4,000 ரூபாய் வகுத்துள்ளன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். கேட்காதவருக்கு இது தானாக வந்து சேராது.

பணம் மட்டும் போதாது; பின்னால் நின்று கேட்க ஓர் ஆள் வேண்டும். தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களை வளர்த்த புனித தொன் போஸ்கோ, 1850களின் தொடக்கத்திலேயே, அவர்களைத் தொழில் கற்க அனுப்பும்போது முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். கற்க வந்த தொழிலைத் தவிர வேறு வேலை வாங்கக் கூடாது, அடிக்கக் கூடாது, திருநாளில் ஓய்வு தர வேண்டும் என்று அதில் எழுதச் செய்தார். நம் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கேட்பதை, அந்தச் சிறுவர்களுக்காக அவர் கேட்டார்.

பெற்றோரே, இதை நாமும் செய்யலாம். விண்ணப்பம் நிரப்பும் நாளில் துணைக்குச் செல்லலாம். வேலைக்குச் சேரும் இடத்தை ஒருமுறை பார்த்து வரலாம். பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் “நம் வீட்டுக்கு வா” என்று ஒரு மாணவியை அழைக்கலாம். விடுதி மூடும் விடுமுறை நாள்களில்தான் வீடில்லாத குறை அவளை மிகவும் வாட்டும்.

அருட்சகோதரியரும் பெற்றோரும் சேர்ந்து, இவ்வாண்டு பள்ளி முடிக்கும் இல்லத்து மாணவியருடன் இப்போதே உட்கார்ந்து பேசுவார்களாக. தேர்வின் கடைசி மணி அடிக்கும்போது, எங்கே போவது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க இறைவன் துணை புரிவாராக!