ஒரே வரி, இரண்டு தடவை

வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். "பாங்கியிலிருந்து வருகிறேன்" என்கிறார். கையில் முத்திரை வைத்த அடையாளச் சீட்டு இருக்கிறது. சீட்டு அசல்தான். ஆனால் அது அவருடைய சீட்டுதானா? ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி, சீட்டிலுள்ளதோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் உள்ளே விடுவீர்களா, அம்மா?

ஐபோன் விட்டது! 2014 பிப்ரவரியில்தான் அந்த விஷயம் வெளியே வந்தது.

அப்போதெல்லாம் போனில் பாங்கிக் கணக்கைத் திறந்தால் சின்னப் பூட்டுப் படம் ஒன்று தெரியும். எதிர்முனையில் இருப்பது நிஜ பாங்கிதான், நம் பேச்சு அந்நியர் காதில் விழாது என்று அதற்கு அர்த்தம். பாங்கி தன் சான்றிதழைக் காட்டும். ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிற சான்றிதழ் அது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம். பாங்கியால் மட்டுமே போட முடிந்த கையெழுத்து ஒன்று உண்டு. அதைச் சரிபார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஆப்பிள் கம்பெனியின் புரோகிராமில் வரிசையாகச் சில சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் கீழே, "தவறு இருந்தால், முடிவுக்குப் போ" என்று கட்டளை. ஓரிடத்தில் "முடிவுக்குப் போ" என்பது மட்டும் இரண்டு தடவை விழுந்துவிட்டது. முதலாவதற்கு "தவறு இருந்தால்" என்ற நிபந்தனை உண்டு. இரண்டாவதற்கு எந்த நிபந்தனையும் இல்லை! தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் புரோகிராம் முடிவுக்குத் தாவிற்று. கையெழுத்துச் சோதனையோ அதற்கும் கீழே இருந்தது. அதுவரை தவறு எதுவும் அகப்படாததால், "எல்லாம் சரி" என்று பதில் வந்தது. கட்டளையின் பெயர் "கோட்டு ஃபெயில்", கிடைத்ததோ பாஸ். வேடிக்கைதான்!

இதை எப்படி ஒருவரும் கவனிக்கவில்லை என்கிறீர்களா? அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவரைக் கேளுங்கள். எழுத்துப் பிழை சட்டென்று கண்ணில் படும். ஒரே வரி இரண்டு தரம் வந்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். இத்தனைக்கும் அந்தப் புரோகிராமை ஆப்பிள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருந்தது.

காப்பிக் கடையின் இலவச வைஃபையில் நடுவே புகுந்த ஒருவன், நானே பாங்கி என்று சொல்லி உங்கள் ரகசியச் சொல்லை வாங்கிக்கொள்ள வழியிருந்தது. பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை, போனுக்குத் திருத்தம் வந்தது. அதே ஓட்டை மாக் கம்ப்யூட்டரிலும் இருந்தது. அதற்குத் திருத்தம் வந்தது 25-ஆம் தேதி. ஓட்டை எங்கே என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு நாலு நாள்! மாக்கில் ஃபயர்பாக்ஸ், குரோம் உபயோகித்தவர்கள் தப்பினார்கள். அவை சோதனையைத் தாமே தனியாகச் செய்பவை. ஸஃபாரியில் போனவர்களுக்குத்தான் ஆபத்து.

"புதுப்பிக்கட்டுமா?" என்று போன் கேட்டால், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளுகிறோம் அல்லவா? அந்த வெள்ளிக்கிழமை அப்படித் தள்ளியவர்களின் போனில் அந்த இரண்டாவது வரி அப்படியே உட்கார்ந்திருந்தது.