பூங்காவிலே ஒரு சிரமதானம்

சித்திரை விடுமுறை அண்மித்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை. பெற்றாருக்கு நிம்மதியும் இல்லை. இக்காலத்திலேதான் நமது ஊர்களிலுள்ள வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் துயில் நீங்கி எழுந்து, விளையாட்டுப் போட்டி என்றும் சிரமதானம் என்றும் துண்டுப் பிரசுரங்கள் அச்சிடத் தொடங்குகின்றன. சென்ற வாரம் எங்கள் வீட்டுப் படலையையும் இரண்டு இளைஞர் தட்டினர். ஊர்ச் சிறுவர் பூங்காவைத் துப்புரவு செய்யப் போகின்றார்களாம், நானும் வரவேண்டுமாம். "வருகிறேன் தம்பிமார், ஆனால் ஒரு நிபந்தனை" என்றேன். அந்த நிபந்தனை யாது என்பதையும், அது என் உள்ளத்தில் எவ்வாறு வேரூன்றியது என்பதையும் இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே பங்குனி சித்திரைக் காலத்தில், வேறோர் ஊரில் இதுபோன்ற ஒரு சிரமதானம் நடைபெற்றது. நான் அப்போது அவ்வூர்ப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும் என்று அறிவித்திருந்தோம். பிரதம விருந்தினர் எட்டரைக்கு வந்தார். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, படப்பிடிப்பு என்பன முறைப்படி நிறைவேறின. மண்வெட்டி மண்ணைத் தொட்டபோது மணி பத்து. விருந்தினர் மண்வெட்டியை மும்முறை ஓங்கிவிட்டுக் காரேறினார். எஞ்சிய வேலை பிள்ளைகளின் தலையில் விழுந்தது.

பதினொன்றரை மணியளவில், கடகம் நிறையப் புல் சுமந்து கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "தலை சுத்துது மாஸ்டர்" என்றான். முகம் சிவந்திருந்ததை நான் கண்டேன். கண்டும், "இன்னும் பத்து நிமிசம் பொறு ராசா, முடிஞ்சிடும்" என்றேன். அவன் சொற்கேட்கும் பிள்ளை. மறுபடியும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பூவரச மரத்தடியை அடையுமுன் விழுந்துவிட்டான்.

ஓடிச் சென்று பார்த்தபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் அறியவில்லை. ஏதேதோ பிதற்றினான். சுற்றிக் கூட்டம் கூடியது. ஒருவர் சோடாப் போத்தலை உடைத்துக்கொண்டு வந்தார். மற்றொருவர் வலிப்பென்று எண்ணி இரும்புத் திறப்பைக் கையில் திணித்தார். அவ்வேளை எதிர்வீட்டிலிருந்து, இளைப்பாறிய மருத்துவமாது ஒருவர், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி ஓடிவந்தார். "வாய்க்குள்ளை ஒண்டும் விடாதேங்கோ! பிள்ளையைக் கிணத்தடிக்குத் தூக்குங்கோ!" என்று அவர் இட்ட சத்தத்தில் கூட்டம் விலகியது. சட்டையைக் கழற்றி, வாளி வாளியாய்த் தண்ணீர் வார்க்கச் செய்தார். இருவரைக் காவோலையால் விசிறச் சொன்னார். கழுத்திலும் கமக்கட்டிலும் ஈரச்சீலை வைத்தார். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் வார்ப்பதை நிறுத்தவே இல்லை. வைத்தியசாலையில் சில நாட்கள் இருந்து பையன் பிழைத்து வந்தான். முதலிற் குளிர்ப்பித்தபடியாலேதான் உயிர் தப்பியது என்று வைத்தியர் கூறினார்.

மறுநாள் வைத்தியசாலை விறாந்தையில் அவன் தாயைக் கண்டேன். அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்துச் சென்றேன். அவர் ஏசவில்லை. "நீங்கள் நிக்கிறியள் எண்டபடியாலைதான் மாஸ்டர் நான் விட்டனான்" என்று மட்டுமே சொன்னார். இதைக் காட்டிலும் அவர் ஏசியிருக்கலாம்.

நிற்க. வெயிலின் கொடுமையை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் அதன் கணக்கை அறிந்தவர் சிலரே. தென்திசையிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் சூரியன், சித்திரை முற்பகுதியில் இலங்கையின் உச்சிக்கு நேராக வருகின்றது. கொழும்புக்கு நேரே வருவது ஏப்பிரில் 7ஆம் நாளையொட்டி. யாழ்ப்பாணத்துக்கு நேரே வருவது ஏறக்குறைய 14ஆம் நாளில், அதாவது நாம் மருத்துநீர் வைத்துப் புத்தாண்டு கொண்டாடும் நாளில். அன்று பன்னிரண்டு மணி கழிந்து பத்து நிமிடமளவில் முற்றத்தில் ஒரு தடியை நேரே நட்டுப் பாருங்கள்; நிழலே விழாது. மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லாத விஞ்ஞானம். பார்த்ததும் உள்ளே போய்விட வேண்டும்.

நம் உடலின் இயல்பான வெப்பம் 37 பாகை செல்சியசு. வேலை செய்யும்போது உள்ளே பிறக்கும் சூட்டை வியர்வை ஆவியாகி வெளியேற்றுகின்றது. கடற்காற்றின் ஈரம் மிகுந்த நமது நாட்டில் வியர்வை வழியுமே தவிர எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஆதலால் வெப்பமானி காட்டும் அளவிலும் உடல் படும் பாடு அதிகம். உள்வெப்பம் 40 பாகையைக் கடந்து, அறிவு தடுமாறத் தொடங்கிற்றாயின் அது வெப்பத்தாக்கு. உயிருக்கு ஆபத்தான நிலை. வியர்வை நின்றுவிட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கின்றனர். அஃது எப்போதும் உண்மையன்று. வேலை செய்து விழுந்தவருக்கு வியர்வை ஓடிக்கொண்டே இருக்கலாம். பேச்சுக் குழறுகின்றதா, ஆளை அறிகின்றாரா என்பதையே பார்க்க வேண்டும். அறிவு தெளிவற்றவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது. நிழலிற் கிடத்தி நீரால் நனைத்து விசிறுவதே முதல் வேலை.

இன்னுமொன்று. வெயிலுக்கு உடல் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை செல்லும். தோட்டத்தில் நாள்தோறும் நிற்கும் கமக்காரரும், பரீட்சைக்குப் படித்து மாதக்கணக்காய் அறைக்குள் இருந்த பையனும் ஒருநாளில் ஒரே வேலையைச் செய்ய முடியாது. தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்றிருப்பதும் பிழை. கால் மணிக்கொரு தடவை ஒரு குவளை தண்ணீர் குடித்துக்கொண்டிருத்தல் நன்று. உப்பிட்ட மோரும், உப்புஞ் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீரும் நமது பாட்டிமார் அறிந்தவையே. வண்ண வண்ணமாய்ப் போத்தலில் வரும் பானங்களுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இவ்வளவு தொல்லை எனின் சிரமதானமே வேண்டாமே என்று தாய்மார் சிலர் கருதலாம். நான் அப்படிச் சொல்லேன். ஊரின் பொதுவிடம் என்பது யாரோ ஒருவர் உழைத்தமையால் நமக்குக் கிடைத்த பொருள். யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவின் நிழலில் நின்றவர்கள் அதை உணர்வர். 1829 முதல் 1867 வரை வடபகுதியில் அரசாங்க அதிபராயிருந்த டைக் என்னும் ஆங்கிலேயர் தாம் வாழ்ந்த வளவில் மரங்களை நாட்டி வளர்த்திராவிடின் அந்த நிழல் ஏது? கொழும்புக் காலிமுகத் திடலின் நடைபாதையை 1859இல் நிறைவேற்றிய தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பு நகரின் மாதர்க்கும் சிறுவர்க்குமாக அதனைப் பேணும்படி தமக்குப் பின்வருவோரைக் கல்லில் எழுதிக் கேட்டுக்கொண்டார். அதிகாரம் படைத்தவரே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நட்டுவிட்டால் மட்டும் போதாது, பேணுவதற்கு ஆள் வேண்டும். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரீ. ஆரியரத்தின தம் மாணவரை அழைத்துச் சென்று, சமூகம் ஒதுக்கி வைத்திருந்த கனதொலுவ என்னும் கிராமத்தில் அம்மக்களோடு சேர்ந்து உழைத்ததிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. அங்கு மாணவர் சென்றது விருந்தினராய் நிற்பதற்கன்று.

துப்புரவு செய்யும்போது வெயில் ஒன்றுமட்டும் பகையன்று. நெடுங்காலம் பராமரிப்பற்றுக் கிடக்கும் பூங்காவில் சருகுக் குவியலுக்குள் கண்ணாடி விரியன் படுத்திருக்கக்கூடும். வெறுங்கையால் அள்ளாமல் முதலில் தடியால் கிளறவும், சப்பாத்து அணியவும் வேண்டும். பாம்பு தீண்டினால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கையே விளைக்கும். கடியுண்டவரை அசையாமல் வைத்து, மாற்றுமருந்துள்ள அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதொன்றே வழி. மரக்கொப்புக்களில் குளவிக்கூடு உண்டா என்று அண்ணாந்து பார்த்த பின்னரே கத்தி வைக்க வேண்டும். பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கின் மரத்தடியில் ஒதுங்காது கட்டடத்துள் செல்லுக.

வடபகுதி வாசகர்க்குத் தனியாக ஒரு சொல். யுத்தம் 2009இல் முடிந்ததாயினும் மண்ணுக்குள் கிடப்பவை இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை. பற்றை வெட்டுமிடத்தில் துருப்பிடித்த உருளையோ பெட்டியோ எதிர்ப்பட்டால், அதைத் தொடவும் வேண்டாம், எடுத்துக்காட்டவும் வேண்டாம். வந்த காலடி வழியே திரும்பி வந்து, பொலிசாருக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைத்தல் மூத்தோர் கடமை.

இனிச் சொல்லப்போவது சற்று வெட்கத்துக்குரியது. நான் கண்ட சிரமதானங்களில் முடிவில் எல்லோர்க்கும் சோற்றுப் பார்சலும், பிளாஸ்டிக் கோப்பையில் பானமும், தயிர்க்கிண்ணமும் வழங்கப்படும். மறுநாள் சென்று பார்த்தால் அகற்றிய குப்பைக்குப் பதில் புதுக்குப்பை கிடக்கும். டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். முட்டை நுளம்பாகி எழும்ப ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017ஆம் ஆண்டில் நமது நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது என்பதை நினைத்தால், சறுக்குமரத்தின் கீழ் உருண்டு கிடக்கும் ஒரு கோப்பை சிறிய விடயமாகத் தோன்றாது. அந்த நுளம்பு கடிப்பதும் காலையிலும் மாலையிலும், அதாவது பிள்ளைகள் விளையாடும் நேரத்திலேயே.

என் மனத்துக்கு உகந்த தொண்டர் ஒருவர் உண்டு. அவர் எந்தப் பிரசுரத்திலும் இடம்பெற்றவரல்லர். எங்கள் பூங்காவின் வேலியோரம் நாட்டிய நான்கு வேப்பங்கன்றுகளுக்கு, கோடை முழுவதும், காலையில் பால் வாங்கச் செல்லும்போது துவிச்சக்கர வண்டியில் இரண்டு போத்தல் தண்ணீர் கட்டிச் சென்று ஊற்றுவார். ஒன்று பட்டுப்போயிற்று. மூன்று இப்போது ஆள் உயரம் தாண்டிவிட்டன. ஏன் இதைச் செய்கின்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வழியிலைதானே ஐயா கிடக்கு" என்றார். வருடத்தில் ஒருநாள் நூறுபேர் வருவதினும் இப்படி நான்குபேர் முறைவைத்து வருவது பூங்காவுக்கு நல்லது என்று அவ்விளைஞரிடமும் சொன்னேன். பெயர்ப் பட்டியல் எடுக்கிறோம் என்றார்கள்.

இப்போது நிபந்தனைக்கு வருவோம். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்க வேண்டும். ஒன்பதுக்கு மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டும். பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே, வேறு எந்த வேலையும் செய்யாமல், பெரியவர் ஒருவர் நிழலில் இருக்க வேண்டும்; தலை சுற்றுகின்றது என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் அக்கணமே இருத்த வேண்டும். பிரதேச சபையின் அனுமதியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு கடிதமும் முன்னரே போக வேண்டும். இளைஞர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். "எல்லாம் சரி மாஸ்டர், பிரதம விருந்தினர் ஒன்பது மணிக்கு முந்தி வரமாட்டாரே" என்றான் இளையவன்.

"அவர் ஒன்பதுக்கே வரட்டும்" என்றேன். "வந்து தேத்தண்ணி குடிக்கட்டும்."

நிழலில் இருக்கும் அந்தப் பெரியவர் வேலையை நானே ஏற்றுக்கொண்டிருக்கின்றேன்.