அவசரக் கூரைக்குக் காலக்கெடு வேண்டும்

சித்திரை பிறந்தால் அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் புறப்படுகிறார். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி என வழிநெடுக மண்டகப்படிகள். கூடவே பந்தல், தண்ணீர் லாரி, நடமாடும் கழிப்பறை, கூடுதல் தூய்மைப் பணியாளர்கள். வைகைக் கரையில் பல லட்சம் பேர் கூடும் அந்தச் சில நாட்களுக்காக மாவட்ட நிர்வாகம் கூட்டம் மேல் கூட்டம் போட்டுத் திட்டமிடுகிறது. பெருந்திரளுக்கு நிழலும் நீரும் கழிப்பிடமும் ஏற்பாடு செய்வது மதுரைக்குப் புதிதல்ல.

இதே மாவட்டத்தில்தான் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து தமிழகம் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வந்தவர்களை மண்டபத்தில் பதிவுசெய்து, கிடைத்த இடத்திலெல்லாம் தங்கவைத்தார்கள். கிடங்கு, புயல் காப்பகம் எதையும் விடவில்லை. அன்றைய நெருக்கடியில் அதைக் குறை சொல்ல முடியாது. படகிலிருந்து நனைந்து இறங்கியவர்களுக்குக் கதவைத் திறந்த மாநிலம் இது. ஆனால் சில மாதங்களுக்கென்று போட்ட கூரையின் கீழ் முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தச் செய்ததை எந்த நெருக்கடியைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

பத்துக்குப் பத்தடி அறை. நடுவில் கட்டிய பழைய சேலைதான் சுவர். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. புதிதாகக் கல்யாணமான மகனும் மருமகளும் அதே அறையில். கழிப்பறை, வீட்டு வரிசையின் கோடியில் இருக்கிறது. தாழ்ப்பாள் கழன்ற கதவை உள்ளிருப்பவரே ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று இப்படியும் வருகிறது. தமிழக முகாம்களில் ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்திருக்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அதன் முக்கியப் பகுதி. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் முதல் கட்டமாக 1,591 வீடுகள் திறந்துவைக்கப்பட்டன. மனதாரப் பாராட்ட வேண்டிய பணி இது. அதே நேரம், 1990இல் வந்த குடும்பத்தின் கைக்குழந்தைக்கு 2023இல் 33 வயது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேரிடர்களிலும் போர்களிலும் பணியாற்றும் அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது. ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர் கூரை, நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. அது உள்ளே தாழிடக்கூடியதாக, ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆடம்பரம் எதுவும் இதில் இல்லை. இதை மீறினால் என்ன ஆகும் என்பதை இலங்கையின் வவுனியா மெனிக் பாம் முகாமில் பார்த்தோம். 2009இல் போர் முடிந்ததும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான தமிழர்களை முள்வேலிக்குள் அடைத்தார்கள். அந்த ஆகஸ்டில் பெய்த மழைக்கே கூடாரங்களில் வெள்ளம் புகுந்தது, கழிப்பறைக் குழிகள் பொங்கி வழிந்தன. அங்கே போரில் தப்பியவர்கள் மலத்தண்ணீரில் நின்றார்கள். நம் நாட்டிலேயே மணிப்பூரில் 2023 மே மாதம் வெடித்த இன வன்முறையில் வீடிழந்தவர்களில் பல ஆயிரம் பேர் ஆண்டுகள் கடந்தும் நிவாரண முகாம்களில் கிடந்தார்கள்.

‘திரும்பிப் போக வேண்டியவர்களுக்கு நிரந்தரக் கட்டடம் எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். குடியுரிமை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஈழத் தமிழரைச் சேர்க்கவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. அந்தச் சட்டச் சிக்கல் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் நீளலாம். காலையில் எழுந்ததும் கழிப்பறைக்குப் போக வேண்டிய பெண்ணை அதுவரை காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆள் இருக்கிறாரா என்று வருவாய்த் துறையும் காவல்துறையின் கியூ பிரிவும் தவறாமல் கணக்கெடுக்கின்றன. கழிவுநீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையும் அதே ஒழுங்குடன் கணக்கெடுப்பதில் என்ன தடை?

இனி அமைக்கும் எந்த அவசரத் தங்குமிடத்துக்கும் எழுத்தில் காலக்கெடு வேண்டும். பொதுக் கழிப்பறை என்பது முதல் சில மாதங்களுக்கு மட்டும். அதன்பின் வீட்டுக்கு ஒன்று. முகாமின் குடிநீரும் கழிவுநீரும் குப்பையும் பக்கத்துத் தெருவுக்கு உள்ளதைப் போலவே ஊராட்சி அல்லது மாநகராட்சியின் கடமை என்று அரசாணை வெளியிட வேண்டும். 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரச் சரிவுக்கு அஞ்சிய குடும்பங்கள் தனுஷ்கோடியில் வந்திறங்கின; அடுத்த படகு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே தென் மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் இடமும் தண்ணீரும் கழிப்பறையும் எங்கே என்ற திட்டம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

மதுரை ஆட்சியர் இதைத் தொடங்கிவைக்கலாம். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் எத்தனை வீடுகளுக்குச் சொந்தக் கழிப்பறை இருக்கிறது, எத்தனை வீடுகளுக்கு இல்லை, இல்லாதவற்றை எந்தத் தேதிக்குள் கட்டி முடிப்பார்கள் என்பதை அவர் பொதுவில் வெளியிட வேண்டும்.