பக்கத்து பெஞ்சில் யார்? பின்லாந்து, அமெரிக்கா, சென்னை

2024 அக்டோபரில், கனவு ஆசிரியர்களாகத் தேர்வான 54 பேரைப் பள்ளிக் கல்வித் துறை பிரான்சுக்கு அழைத்துச் சென்றது. நல்ல விஷயம், வரவேற்கிறோம். ஆனால் வெளிநாட்டுக் கல்வி பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். பின்லாந்தில் வீட்டுப்பாடம் குறைவு, சிங்கப்பூரில் கணக்கு பிரமாதம், ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டுகிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நம் பள்ளிகள் பல எப்போதோ அமல்படுத்திவிட்டன. ஜப்பானில் எல்லோரும் கூட்டுவார்கள். இங்கே எந்தத் தெருப் பிள்ளையின் கையில் துடைப்பம் கொடுக்கப்படும் என்பது நமக்குத் தெரியும்.

அதனால் நாடுகளை ஒப்பிடும்போது நாங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்?

பின்லாந்தையே எடுத்துக்கொள்வோம். 1960கள் வரை அங்கும் 11 வயதில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி உயர்கல்விக்குப் போகும் பள்ளிக்கு. மற்றவர்கள் வேலைக்குப் போகும் வழிக்கு. 1968இல் சட்டம் கொண்டுவந்து, 1972இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கி 1977இல் ஹெல்சின்கி வரை, ஒன்பது ஆண்டுகள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கும் முறையை நடைமுறைப்படுத்தினார்கள். தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை உள்ளாட்சிப் பள்ளிகளாயின. ஆசிரியர்களுக்கு முதுகலைப் படிப்பு கட்டாயம் என்பது அதற்குப் பிறகு, 1979இல் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் டாக்டர் பிள்ளையும் மரம் வெட்டுகிறவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிறகுதான் அந்த பெஞ்சுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியரின் தரம் நாட்டுக்கே முக்கியமான விஷயமானது. தன் பிள்ளை படிக்கும் பள்ளியை எந்த அதிகாரியும் பாழாக விடமாட்டார்.

பின்லாந்து சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2006க்குப் பிறகு பீசா தேர்வில் அதன் மதிப்பெண் இறங்கியிருக்கிறது. குடிபெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். அங்கேயும் யார் தள்ளி உட்கார வைக்கப்படுகிறார்கள் என்ற கேள்வி வந்துவிட்டது.

சராசரி எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி அங்கே 1945இலேயே வந்துவிட்டது. தெற்காசியாவின் முன்மாதிரி என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் மலையகத் தோட்டப் பள்ளிகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்க 1970கள் ஆயின. தேயிலை பறித்த தமிழர்களில், அவர்களில் பெரும்பகுதியான தலித்துகளில், ஒரு தலைமுறை முழுக்க அந்த முன்மாதிரிக்கு வெளியே நின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். மயிலாப்பூரில் ஒரே தெருவில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். அடுக்குமாடியிலிருந்து இறங்கும் பிள்ளை வேனில் ஏறி சிபிஎஸ்இ பள்ளிக்குப் போகிறது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் பிள்ளை நடந்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிறது. தி.நகரிலும் அடையாறிலும் இதே காட்சிதான். மூன்றரை வயதில் எல்கேஜி சேர்க்கையிலேயே பிரித்துவிடுகிறோம். பின்லாந்து கைவிட்டது 11 வயதுப் பிரிவினையை!

2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர் கல்வி எல்லா வகுப்புகளுக்கும் வந்தது. பாடப்புத்தகம் பொதுவானது. உடனே பல மெட்ரிக் பள்ளிகள் சிபிஎஸ்இ பக்கம் நகர்ந்தன. 1964-66 கோத்தாரி குழு பரிந்துரைத்த அருகமைப் பொதுப் பள்ளி இன்றும் காகிதத்தில்தான் இருக்கிறது.

"தனியார் பள்ளி இருப்பதால்தானே தரம் இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் ஒருமுறை பீசா தேர்வில் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடியில் கிடந்தன. அந்தத் தேர்வில் அரசுப் பள்ளி மாணவர்கள் மட்டுமல்ல, தனியார் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். கேள்விகள் நம் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்திய அரசு அடுத்த சுற்றுகளிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. பிரித்து வைத்ததால் மேலே இருந்தவர்களும் உலகத் தரத்துக்குப் போய்விடவில்லை.

நாம் எல்லாவற்றிலும் பின்தங்கியவர்கள் என்பதும் பொய். பின்லாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி உணவு 1948இல் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது 1920இல். அன்று மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், தி.நகரின் பெயரில் இருப்பவர் அவர்தான். அடையாறில் ஆல்காட் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கியது அதற்கும் முன்னால், 1894இல். ஆனால் அது ஏன் தனிப் பள்ளியாக இருந்தது? பொதுப் பள்ளியின் திண்ணையில்கூட நம் பிள்ளைகளை உட்கார விடாததால்.

அந்தத் தனிப் பள்ளி மரபின் தொடர்ச்சிதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். தமிழ்நாடு முழுக்க 1,138 இருக்கின்றன. இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எல்லாப் பள்ளிகளையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவரச் சொல்லி நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நம் இயக்கங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. இங்கேதான் வெளிநாட்டு ஒப்பீடு நமக்கு உண்மையில் உதவும். பார்க்க வேண்டிய நாடு அமெரிக்கா.

1954இல் பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தால் பிரிக்கப்பட்ட பள்ளிகள் சமமாக இருக்கவே முடியாது என்று தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு. ஆனால் தென் மாநிலங்களில் இணைப்பு நடந்த விதம் வேறு. கறுப்பினப் பள்ளிகளை மூடி, பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்களை அனுப்பவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பள்ளியில் அவர்களுக்காகப் பேச ஒரு பெரியவர்கூட இல்லை.

இணைப்பு என்றால் யார் யாரோடு இணைகிறார்கள், யார் வேலையோடு நிலமும் பெயரும் போகிறது என்று கேட்கச் சொல்கிறது இந்த வரலாறு. சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சந்துரு குழு அமைக்கப்பட்டதே அதற்குப் பிறகுதான்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. தனிப் பள்ளி நிரந்தரத் தீர்வு இல்லை, இணைப்பு வேண்டும். ஆனால் நான்கு நிபந்தனைகளோடு. ஒன்று, ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் ஆசிரியர், தலைமையாசிரியர் பணியிடங்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. இரண்டு, பள்ளி நிலமும் விடுதியும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கானது என்பது அரசாணையில் எழுதப்பட வேண்டும். மூன்று, சாதிக் கொடுமை பற்றிப் புகார் கொடுக்கும் மாணவருக்குப் பாதுகாப்பு தரும் பொறுப்பு பெயர் குறிப்பிட்ட ஓர் அதிகாரியிடம் இருக்க வேண்டும். நான்காவது சென்னைக்காரர்களான நமக்கு மிக நெருக்கமானது: கல்வியாண்டின் நடுவில் குடியிருப்பை இடிக்கக் கூடாது. 2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தது பொதுத்தேர்வு சமயத்தில். ஒருவர் தீக்குளித்து இறந்தார். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கி எறியப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம் கொடுத்தும் என்ன பயன்? பள்ளியில் இடம் உறுதியான பிறகுதான் வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்ட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. செமினாரில் பின்லாந்து பற்றிக் கட்டுரை வாசிப்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி ஒவ்வொன்றுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, கடந்த மூன்றாண்டில் இடையில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? மனுவுக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்ததும் அதைத் தெருவில் உள்ள தாய்மார்களிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்த பயணத்துக்கு ஆசிரியர்களை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும், திரும்பி வந்ததும் அவர்கள் அந்தத் தாய்மார்களுக்கும் பதில் சொல்லட்டும்.