கருங்காலியின்மேல் பழி போடாதீர்

தமிழில் கருங்காலிக்கு நேர்ந்த அவமானம் வேறொரு மரத்திற்கு நேர்ந்திருக்குமா என்பது ஐயமே. வேலைநிறுத்தத்தில் தோழரைக் கைவிட்டு முதலாளியின் பக்கம் சேர்ந்தவனைத் தொழிலாளர் 'கருங்காலி' என்று ஏசுவர். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டத் துணைபோகும் மரம் என்று அதற்கு விளக்கமும் தருவர். மலாய்க்காரர் அதனைக் கரிமரம் என்னும் பொருளில் 'காயு ஆராங்' என்று அழைப்பதோடு நிறுத்திக்கொண்டனர்.

இன்று மரப்பேனா கடைவோர் சிலரும் அப்பழியைப் புதுப்பிக்கின்றனர். கடைந்து, மெருகிட்டு, விற்ற பேனா சில மாதங்களில் நெடுக வெடித்துவிட்டால், "கருங்காலி அப்படித்தான், நம்பத்தகாத மரம்" என்று கையை உதறிவிடுகின்றனர். இது முறையன்று. அவ்வெடிப்பு பெரும்பாலும் கடைந்தவரின் அவசரத்திற்கு மரம் கூறும் சாட்சியாகும்.

மரம் வெடிப்பதன் காரணம் மறைபொருளன்று. வெட்டிய மரத்தில் இருவகை நீர் உண்டு. அணுக்களின் உட்குழியில் நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அதனால் மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கிய பின்னரே அணுச்சுவரில் ஊறிய நீர் அகலும். சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். அச்சுருக்கம் எத்திசையிலும் ஒன்றாக இராது. வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பது பெரும்பாலான மரங்களின் இயல்பு. கருங்காலியோ நீரில் மூழ்குமளவு செறிந்தது. அதன் உள்ளீரம் வெளிவர நெடுநாள் பிடிக்கும். மேற்புறம் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரத்தோடு விறைத்து நிற்க, இடையே எழும் இழுபறி முற்றினால் வெடிப்பு உண்டாகிறது.

பேனாவில் இதனோடு பித்தளைக் குழலும் சேர்ந்துகொள்கிறது. கட்டையைத் துளைத்து, குழலை உள்ளே ஒட்டி, அதன்மேல் மரம் ஓரிரு மில்லிமீட்டர் கனமே நிற்குமாறு கடைகின்றனர். மரம் சுருங்க முயலும், பித்தளை விட்டுக்கொடாது. மலேசிய, சிங்கப்பூர்த் திறந்தவெளிக் காற்றில் உலர்ந்த கட்டை ஏறத்தாழ 16 விழுக்காட்டு ஈரத்தில் நிலைகொள்ளும். பேனாவாகிக் குளிர்சாதன அலுவலகத்தில் குடியேறினால் அந்த ஈரம் 10 விழுக்காட்டை நோக்கி இறங்கும். இதை எண்ணிப் பாராமல் கடைந்தது யார் குற்றம்?

செய்யவேண்டியவை அரியனவும் அல்ல. அறுத்தவுடன் கட்டையின் இருமுனைகளிலும் மெழுகு பூசவேண்டும். முனை வழியே ஈரம் விரைந்தோடுவதால் முதல் வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. மரத்தின் நடுத்தண்டு அடங்கிய துண்டை விலக்கவேண்டும். மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, அவ்வப்போது நிறுத்துப் பார்க்கவேண்டும். எடை குறைவது நின்றபின் குளிர்சாதன அறையிலும் சிலகாலம் வைத்து, மீண்டும் எடை நிலைக்கும்வரை பொறுக்கவேண்டும். துளையைச் சற்றுச் சிறிதாக இட்டுச் சில வாரம் ஆறவிட்டு, பின்னர் உரிய அளவிற்கு அகலப்படுத்துவது இன்னும் நன்று. துளைக்கையில் அலகை அடிக்கடி வெளியே எடுத்துச் சீவலை உதறவேண்டும். இறுகி நொறுங்கும் பசையை விடுத்து, நெகிழ்வுள்ள பசையால் குழலை ஒட்டவேண்டும். உளி கூராக இருந்தால் உப்புத்தாளை அழுத்தித் தேய்க்கும் வேலை குறையும்; வெடிப்பைத் தூண்டும் சூடும் குறையும்.

"இத்தனை நாள் காத்திருந்தால் பிழைப்பு நடக்குமா?" என்று கேட்பர். அதற்காக, வெடிப்பில் மரத்தூளையும் சூப்பர் குளூவையும் அடைத்து, மேலே பளபளப்பைப் போர்த்தி விற்கலாமா? வெடிப்பை நிரப்புவது குற்றமன்று. நிரப்பியதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். மேற்பூச்சு ஈரத்தின் போக்குவரவைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றும் தடுக்காது. வெற்றிடப் பொறியால் மரத்திற்குள் பிசின் ஏற்றலாம் என்பாரும் உளர். மென்மையான கட்டைக்கு அது பொருந்தும்; செறிந்த கருங்காலிக்குள் பிசின் ஆழப் புகுவதில்லை.

"ஒன்று வெடித்தால் மற்றொன்று" என்போரின் வாதமோ இதனினும் கொடிது. கருங்காலி மெல்ல வளரும் மரம்; வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். மடகாஸ்கர் நாட்டுக் கருங்காலி 2013ஆம் ஆண்டில், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அத்துணைக் காலம் பொறுத்து வளர்ந்த மரத்திற்காக மனிதன் சில மாதங்கள் பொறுக்கலாகாதா?

இளையோர்க்கு இக்கலையைக் கற்பிப்போர் இதனை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். ஒரே பகலில் பேனாவைக் கடைந்து கையில் கொடுத்தனுப்பும் பயிற்சி, கையை மட்டுமே பழக்குகிறது. கட்டையை நிறுத்து, நாளைக் குறித்து, மீண்டும் நிறுத்துப் பார்க்கும் பொறுமையே இத்தொழிலின் முதற்பாடம். அப்பாடத்தை முடிக்காதவர் கையில் உளியைக் கொடுக்கலாகாது. அவர் கடைந்த பேனா வெடித்தால், கருங்காலி என்னும் பெயரை மரத்திற்குச் சூட்டவும் கூடாது.