இன்னிக்கு எவ்வளவு சார்?

டிஸ்கவுன்ட் என்றதும் நமக்கு ஆடித் தள்ளுபடிதான் ஞாபகம் வரும். பேங்க்காரர்களின் டிஸ்கவுன்ட் ரேட்டும் அதே ரகம்தான். என்ன, புடவைக்குப் பதில் வருங்காலத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள்.

ஈரோட்டு வியாபாரி ஒருவர் கடனுக்குத் துணி அனுப்புகிறார். மூன்று மாதம் கழித்து ஒரு லட்சம் வரும் என்று கையில் பில் இருக்கிறது. ஆனால், கூலி கொடுக்க இன்றைக்கே பணம் வேண்டும். பேங்க் அந்த பில்லை வாங்கிக்கொண்டு, வருஷத்துக்கு 10 சதவீதக் கணக்கில் 2,500 ரூபாய் கழித்து, 97,500 கொடுக்கும். அந்த 10 சதவீதம்தான் டிஸ்கவுன்ட் ரேட். (வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொள்வதால் நிஜ வட்டி 10-க்கும் கொஞ்சம் மேலே. பேங்க் என்றால் சும்மாவா!)

அந்த பேங்க்குக்கே கை கடித்தால்? அதே பில்லை ரிசர்வ் வங்கியிடம் மறுபடி தள்ளுபடி செய்ய 1934-ம் வருஷச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த ரேட்டுக்குப் பெயர் 'பேங்க் ரேட்'. 1991 அக்டோபரில் அது 12 சதவீதம். இப்போது அந்த நாட்டாமையை ரெப்போ ரேட் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில், ஃபெடரல் ரிசர்வ் பேங்க்குகளுக்குக் கடன் தரும் ரேட்டை இன்றும் டிஸ்கவுன்ட் ரேட் என்றே சொல்கிறார்கள்.

சரி, மாசச் சம்பளக்காரனுக்கு இதில் என்ன? இருக்கிறது. எங்கள் ஆபீஸ் பையனிடம் ஒருவர் வந்து, ''இன்னிக்கு மூணு லட்சம் கட்டுங்க தம்பி, இருபது வருஷத்துல பத்து லட்சம்!'' என்றார். தம்பி பேனாவைத் திறந்துவிட்டான். நான் கால்குலேட்டரைத் திறந்தேன். வேறு இடத்தில் 8 சதவீதம் கிடைக்குமானால், இருபது வருஷம் கழித்து வரும் பத்து லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம். அதற்கு மூன்று லட்சமா? திருப்பிப் போட்டால், அவர் தருவது வருஷத்துக்கு 6.2 சதவீதம்தான். தம்பி பேனாவை மூடினான்.

யாராவது இருபது வருஷத் தொகையைச் சொல்லி அசத்தினால் ஒரே கேள்வி கேளுங்கள்: ''இன்னிக்கு எவ்வளவு சார்?''

ஆனால், 'இன்க்ரிமென்ட் அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிற மேனேஜரிடம் இந்தக் கணக்கைக் காட்டாதீர்கள். அவருக்கு இது ஏற்கெனவே தெரியும்!