சும்மா கிடக்கும் கல்லுக்குக் கத்தி எதுக்கு?

எங்க பக்கத்துல இப்போ முதுகு வலின்னு போனாலும் வயித்தை ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க. ரிப்போர்ட்டில் பித்தப்பையில் கல் என்று ஒரு வரி வந்தால் போச்சு. அன்னைக்கே நகையை அடகு வைக்கிற பேச்சு வந்திடும். வலி இருக்கான்னு கேட்டா, இல்லையாம்.

தொந்தரவே தராத கல்லுக்கு அவசரப்பட்டு ஆபரேஷன் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை நம்ம தோட்டத்துத் தொட்டி மாதிரி, வர்றதைத் தேக்கி வைக்கும். 30 முதல் 50 மில்லி பிடிக்கும். அதிலுள்ள தண்ணியை உறிஞ்சி பித்தத்தைக் கெட்டியாக்கும். எண்ணெய்ப் பலகாரமோ கறியோ குடலுக்குள் இறங்கியதும் ஒரு ஹார்மோன் சுரக்கும், உடனே பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளிவிடும். உள்ளே கல் கிடந்தாலும் பலருக்கு இந்த வேலை நடந்துகிட்டேதான் இருக்கு. சிலருக்கு மந்தமாகும். வெறும் வயித்துல ஒரு ஸ்கேன், சாப்பிட்ட பிறகு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு சுருங்குதுன்னு தெரிஞ்சிடும். கல் வந்து பையின் வாயை அடைச்சால்தான் வலி.

குழந்தைக்குச் சளி பிடிச்சா உரசிக் கொடுப்பாங்களே கோரோசனை, அது மாட்டோட பித்தப்பைக் கல்தான். அறுத்த பிறகுதான் கல் இருந்ததே தெரியும். அதுவரை அந்த மாடு மேய்ஞ்சுகிட்டுத்தான் இருந்திருக்கும்.

மனுஷங்களிலும் தொந்தரவு இல்லாத கல் உள்ள 100 பேரில் வருஷத்துக்கு 1 முதல் 4 பேருக்குத்தான் வலியோ வேறு சிக்கலோ வருது. மத்தவங்க அவங்க பாட்டுக்கு இருக்காங்க.

விதிவிலக்கு உண்டு. கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிஞ்சிருந்தாலோ எடுத்துவிடச் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கு. மற்றபடி இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, "இப்பவே எடுக்கணுமா? ஏன்?" என்று வாய்விட்டுக் கேளுங்க.

வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சா கரைஞ்சிடும்னு ஒரு கூட்டம் சொல்லுது. அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்ற வைத்தியம். பித்தப்பை இருக்கிற பாதையே வேற.

ஆனா சாப்பிட்ட பிறகு வலது விலா எலும்புக்குக் கீழே வலி பிடிச்சு, தோள்பட்டை வரை ஏறி மணிக்கணக்கா விடலைன்னாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ கஷாயம் வெச்சுக்கிட்டு உக்காராதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.